ஃபேடரிலிருந்து கையை எடுங்கள்

சனிக்கிழமை நடந்த பல்கலைக்கழக கொயர் (பல குரல் சேர்ந்து பாடும் குழு) நிகழ்ச்சியைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். "பிள்ளைகளுக்குச் சுருதி நிற்கவில்லை", "பயிற்சி போதாது" என்கிறார்கள். தயவுசெய்து பழியைப் பிள்ளைகள் மேல் போடாதீர்கள். அன்று சொதப்பியது பாட்டு இல்லை, மைக்.

மேடையில் 40 பேர். முன்வரிசைக்கு ஒரு சாண் தள்ளி 8 ஸ்டாண்ட் மைக். எல்லாமே வாயருகே பிடித்துப் பாடுவதற்கான தனிக்குரல் மைக். அதன் நேர் எதிரே நின்ற சோப்ரானோ (உச்சக்குரல்) பெண்கள் நாலைந்து பேரின் குரல் மட்டும் ஸ்பீக்கரில் பிளந்துகொண்டு வந்தது. மேல்படியில் நின்ற பேஸ் (அடிக்குரல்) பையன்கள் சும்மா வாயசைப்பது போல இருந்தது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரலும் கலந்தால்தான் அது கொயர்.

முறை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 15 முதல் 20 பேருக்கு ஒரு காண்டென்சர் மைக் (தள்ளி நின்று பாடும் குரலையும் நுட்பமாகப் பிடிப்பது). 40 பேருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. முன்வரிசைக்கு மூன்றடி முன்னால், அவர்கள் தலைக்கு மேலே இரண்டு மூன்றடி உயரத்தில், கடைசி வரிசையைப் பார்த்தபடி வைக்க வேண்டும். பாடுபவருக்கும் மைக்குக்கும் மூன்றடி என்றால் மைக்குக்கும் மைக்குக்கும் ஒன்பதடி. நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டு மைக்கில் முன்பின்னாக விழுந்து, கலக்கும்போது குரல் கனமில்லாமல் வெறுமையாகிப் போகும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடிச்சத்தத்தை வெட்டிவிட்டால் மரப்படியில் கால் மாற்றும் சத்தம் பெரும்பாலும் வராது. அவ்வளவுதான் வேலை. 8 மைக்கை இறக்கி வரிசை கட்டுவதைவிட இது சுலபம்.

இரண்டாவது பாட்டைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கண்டக்டர் (கையசைத்துக் கொயரை நடத்துபவர்) இடது உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அமுக்குகிறார். 40 பேரும் குரலை முணுமுணுப்பு வரை இறக்குகிறார்கள். மாதக்கணக்கில் உழைத்தால்தான் அந்த இறக்கம் வரும். சத்தம் குறைந்துவிட்டதே என்று சவுண்ட்காரர் மிக்ஸரில் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசையை) ஏற்றினார். அடுத்த வரியில் முழுக்குரல் எழும்போது ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் மைக்கிலேயே திரும்ப நுழைந்து எழுப்பும் கீச்சொலி) வீறிட்டது. பாடுபவர்கள் தங்கள் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரும் கிடையாது. 25 மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரில் பட்டு ஸ்பீக்கர் சத்தம் திரும்பிவர கிட்டத்தட்ட 0.15 நொடி ஆகும். தன் குரலே தாமதமாக வந்து காதில் விழுந்தால் யாருக்குத்தான் தாளமும் சுருதியும் நிற்கும்? இரண்டாம் படியில் ஓர் ஆல்ட்டோ (பெண்களில் தாழ்குரல்) பெண் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பாடினாள். தன் ஸ்வரத்தைத் தேடினாள் அந்தப் பிள்ளை. அவளைத்தான் "சுருதி இல்லை" என்கிறீர்கள்.

"மைக் இல்லாவிட்டால் பின்வரிசைக்குக் கேட்காதே" என்பார்கள். 1742 ஏப்ரல் 13, டப்ளின் ஃபிஷாம்பிள் தெரு அரங்கில் ஹேண்டல் இசையமைத்த 'மெசையா' என்ற கொயர் படைப்பு முதன்முதலில் பாடப்பட்டது. தர்ம நிதிக்கான நிகழ்ச்சி. இடம் வேண்டுமென்று பெண்களை வளையம் வைத்த பாவாடை உடுத்தாமலும் ஆண்களை வாள் கட்டாமலும் வரச் சொன்னார்கள். சுமார் 700 பேர் நெருக்கியடித்துக் கேட்டார்கள். இரண்டு தேவாலயங்களிலிருந்து வந்த கொயர் 30 பேரைச் சுற்றித்தான் இருக்கும். மைக் ஏது? நம் அரங்கில் தரைவிரிப்பும் திரைச்சீலையும் சத்தத்தைக் குடித்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மேடையின் பின்திரையை விலக்கி, பாடகர்களுக்குப் பின்னால் நான்கு ப்ளைவுட் பலகையை நிறுத்துங்கள். பெடஸ்டல் ஃபேனை அணையுங்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால் இரண்டு மைக்.

"வெள்ளைக்காரன் சங்கதி நமக்கெதற்கு" என்பவருக்கு ஒரே பதில்: எம்.பி. சீனிவாசன். மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி பாரதியைப் பல குரலில் பாட வைத்தவர். கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

எனக்கு உண்மையில் வலித்தது, "இலவச நிகழ்ச்சிக்கு எதற்கு இவ்வளவு குறை" என்ற பின்னூட்டம்தான். இலவசம் என்றால் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? பொதுமக்கள் அனைவரும் வருக என்று கேட்டில் பேனர் கட்டினீர்கள். அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். பலருக்கு அதுதான் நேரில் கேட்கும் முதல் கொயர். "கொயர் என்றால் காதைக் கிழிக்கும் போல" என்ற எண்ணத்தோடு அவர்களை அனுப்பிவிட்டோம். சிறப்பு விருந்தினர் உரை முடியும்வரை பிள்ளைகளைப் படியிலேயே நிற்க வைத்ததையும் யாரும் பேசவில்லை. முழங்காலை இறுக்கி அப்படி நின்றால் மயக்கம் வரும். பயிற்சி செய்து சூடேற்றிய குரலும் ஆறிப்போகும். சால்வைக்கும் உரைக்கும் நேரம் இருக்கிறது, சவுண்ட் செக்குக்கு மட்டும் இல்லை.

சவுண்ட்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் யாரும் ஒரு பாட்டுப் பட்டியல்கூடக் கொடுக்கவில்லை. டிசம்பர் கரோலுக்காவது முந்தின நாள் மாலை அவரையும் கண்டக்டரையும் அரை மணி நேரம் அதே அரங்கில் சேர்ந்து நிற்க வையுங்கள். எந்த வரியில் இறக்கம், எந்த வரியில் ஏற்றம் என்று பென்சிலால் குறித்த ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். உரையை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் பிள்ளைகளை மேடை ஏற்றுங்கள்.