மெதுவாக ஓடுகிறவர்களின் பக்கம் நின்று

புதிதாக ஓட ஆரம்பித்தவர்கள் யாராவது எனக்கு மெசேஜ் அனுப்பினால், பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான்: “உங்க பேஸ் என்ன?” அதாவது, ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறீர்கள்? எவ்வளவு காலமாக ஓடுகிறீர்கள், வலி ஏதும் உண்டா, ஓடுவது பிடித்திருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. என் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வாரத்தில் பெரும்பாலான நாள் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம், சில நாள் எட்டு. அதைவிட வேகமாக ஓட எனக்கு முடியும். வேண்டும் என்றேதான் மெதுவாக ஓடுகிறேன். ஏன் என்று விரிவாக எழுத வேண்டும் என ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டத்தைப் பாதியில் விட்ட பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைக்கூட சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். விடிவதற்கு முன் எழுந்தார்கள், நல்ல ஷூ வாங்கினார்கள், மழையோ குளிரோ பார்க்காமல் ஓடினார்கள். ஆனால் தினமும் நேற்றைய நேரத்தை முந்தப் பார்த்தார்கள். திங்கட்கிழமை மூச்சிரைக்க 5 கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை அதே தூரம், இருபது விநாடி குறைவாக. புதன்கிழமை இன்னும் கொஞ்சம். சில வாரத்தில் முன்கால் எலும்பில் வலி வந்துவிடும். அதற்குள் அலாரம் சத்தம் கேட்டாலே ஒரு வெறுப்பும் வந்திருக்கும். அப்புறம் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடும், ‘எனக்கு ஓட்டம் ஒத்துவராது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். தினமும் பரீட்சை எழுதச் சொன்னால் யாருக்குத்தான் படிப்பு ஒத்துவரும்?

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதைவிட நம்பகமான கருவி ஓர் அமெச்சூருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. 220-லிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் முறை வெறும் சராசரி. ஒருவருக்கு அது பத்துப் பதினைந்து துடிப்பு தள்ளிப்போகலாம். மணிக்கட்டு வாட்ச் காட்டுகிற துடிப்பும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. நம் காலடி எண்ணிக்கையையே இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 170 என்று காட்டுகிற நாட்களும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்துபோன நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். பேச்சுச் சோதனை அப்படி ஏமாற்றாது.

தொடக்கத்தில் இந்த வேகம் பலருக்கு நடையும் ஓட்டமும் கலந்ததாகத்தான் இருக்கும். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அதில் ஒரு குறையும் இல்லை.

உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த நிதானத்தின் மீது நம்பிக்கை வரும். ஓட ஆரம்பித்த ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. மூச்சு சீக்கிரம் சீராகிவிடுவதால், ‘நான் தயார்’ என்று நமக்குத் தோன்றும். ஆனால் தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் மாறுவதில்லை. புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய திசுவைக் கரைத்து எடுக்கும், அப்புறம்தான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். இந்த ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். நடுவில் சில வாரம் எலும்பு வழக்கத்தைவிடப் பலவீனமாகக்கூட இருக்கலாம். மூச்சு ‘போ’ என்கிறது, கால் ‘பொறு’ என்கிறது. புதியவர்களில் பெரும்பாலானோர் அடிபடுவது இந்த இடைவெளியில்தான்.

தசைக்குள்ளும் வேலை நடக்கிறது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, நுண்ணிய ரத்தக்குழாய்கள் கூடுவது, கொழுப்பை எரித்து ஓடும் திறன் வளர்வது எல்லாம் நிதானமான ஓட்டத்திலேயே நன்றாக நடக்கும். உடம்பில் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் வேகமான ஓட்டத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாக்குப்பிடிக்கும். மாரத்தானில் 30 கிலோமீட்டருக்கு மேல் கால் கட்டிப்போட்டது போல ஆகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இதுதான். கொழுப்பில் ஓடப் பழகிய உடம்புக்கு அந்தக் கட்டம் தள்ளிப்போகிறது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். வாரத்துக்கு நூறு மைலும் அதற்கு மேலும் தானே ஓடிப் பார்த்து, நீண்ட ஓட்டத்தை அடித்தளமாகக் கொண்ட ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே நாளில், சிறிது நேரம் கழித்து, லிடியார்டின் இன்னொரு மாணவர் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். ஸ்னெல் 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் வென்றார். 800 மீட்டர் அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாத பந்தயம். அதற்காக அவர் வாரம் ஒருமுறை 35 கிலோமீட்டர் அளவுக்கு நீண்ட ஓட்டம் ஓடினார்! இதை முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அதே லிடியார்ட் 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில், இதய நோயிலிருந்து மீண்ட நடுத்தர வயதுக்காரர்களையும் மெல்ல மெல்ல ஓட வைத்தார். ஒலிம்பிக் வீரருக்கும் இதய நோயாளிக்கும் அவர் ஒரே அடித்தளத்தைத்தான் கொடுத்தார். ஜாகிங் என்று இன்று உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்னாளில் நார்வேயில் பணிபுரியும் விளையாட்டு விஞ்ஞானி ஸ்டீபன் சைலர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் என உயர்மட்ட வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தார். அவர்கள் பயிற்சியில் சுமார் 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில்தான் நடந்தது. மீதிதான் கடுமையானது. நம்மைப் போன்ற அமெச்சூர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம். மெதுவான நாளில் கொஞ்சம் வேகமாக ஓடிவிடுகிறோம். அதனால் வேகமான நாளில் உண்மையான வேகம் வருவதில்லை. எலியுட் கிப்சோகே 2022 பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தான் முடித்தவர். கிலோமீட்டருக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அவரே ஈஸி ரன்னில், அதாவது நிதானமாக ஓடும் நாளில், அந்த வேகத்துக்கு வெகு கீழேதான் ஓடுகிறார். அவருக்கு இல்லாத அவசரம் நமக்கு எதற்கு?

வேகப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள் இன்டர்வெல்லோ (விட்டுவிட்டு வேகமாக ஓடுவது) டெம்போவோ (ஒரே சீரான வேகத்தில் கடினமாக ஓடுவது) ஓடுகிறேன், அது எனக்குப் பிடிக்கும். அந்த ஒரு நாளை முழுசாகக் கொடுக்க முடிவதே மற்ற நாட்களில் அடக்கி ஓடுவதால்தான்.

சரி, ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்? முதல் பத்து நிமிடம் எனக்கு இன்றைக்கும் நன்றாக இருப்பதில்லை. கணுக்கால் மடங்க மறுக்கும். கெண்டைக்கால் கட்டை போல இருக்கும். இடது காலில் ஷூ லேஸ் இறுக்கமாகத் தோன்றும், நின்று தளர்த்தினால் வலது கால் லூசாகத் தோன்றும். திரும்பிப் போய்விடலாமா என்ற யோசனை வருவதும் இந்த நேரத்தில்தான். அதற்கு அப்புறம், எந்த இடத்தில் என்று சொல்ல முடியாது, மூச்சும் காலடியும் தானாக ஒரு கணக்குக்கு வந்துவிடும். மூன்றடிக்கு ஒரு மூச்சு உள்ளே, மூன்றடிக்கு ஒன்று வெளியே. தோள்பட்டை இறங்கும், மூடியிருந்த கைவிரல்கள் விரியும். நான் ஓடுவது அந்த நிலைக்காகத்தான். மூச்சு முட்ட ஓடும் நாளில் அது கிடைப்பதே இல்லை.

மோட்டிவேஷன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உசுப்பேற்றும் வீடியோக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நேற்று இரவு பார்த்த வீடியோ இன்று விடிகாலை வேலை செய்யாது. வேலை முடிந்து களைத்து வந்த சாயங்காலம் நிச்சயமாக வேலை செய்யாது. எனக்கு உதவுவது ஒன்றுதான்: வெளியே போனால் துன்பப்பட மாட்டேன் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. கிளம்பு, பத்து நிமிடம் ஓடு, சரிப்படவில்லை என்றால் திரும்பி வா. பெரும்பாலும் திரும்ப வேண்டி வருவதில்லை. திரும்பிய நாட்களும் உண்டு, அவற்றுக்காக வருந்தியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனால் எதுவும் கெட்டுவிடாது. பத்து நாள் வரை ஓய்வெடுத்தாலும் உடல்திறன் பெரிதாகக் குறைவதில்லை. விட்ட நாட்களை ஈடுகட்டுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஓடுவதுதான் ஆபத்து. காய்ச்சல் இருக்கும்போது தயவுசெய்து ஓடவே வேண்டாம். வைரஸ் தொற்று இதயத் தசையையும் தாக்கக்கூடும். அந்த நேரத்தில் ஓடுவது வீரம் ஆகாது. ஓடும்போது நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால், நின்று மருத்துவரைப் பாருங்கள். இதில் பேரம் கிடையாது.

வாட்ச் முகப்பில் பேஸ் தெரியும் திரையை நான் எடுத்துவிட்டேன். ஈஸி ரன்னில் ஓடிய நேரம் மட்டும் தெரியும். ஓட்டத்தைப் பதிவு செய்து பிறரோடு பகிரும் ஸ்ட்ராவா போன்ற ஆப்கள் கெட்டவை என்று சொல்ல மாட்டேன்; அங்கே கிடைத்த நட்புகள் எனக்குப் பெரிது. ஆனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் கால் தானாக வேகம் எடுக்கும். வெயில் நாளில் அது இன்னும் மோசம். சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கும் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் அதிகம் உழைக்கிறது. நேற்றைய குளிரில் ஓடிய பேஸை இன்றைய வெயிலில் எட்டிப்பிடிக்க முயல்வது உடம்புக்குச் செய்கிற அநியாயம்.

வலி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்கால் எலும்பின் உள்ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில் சுரீர் என்று வலித்தால் அது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் அது பாதத்தின் அடித்தசைப்பட்டையின் புகார். தள்ளிப்போட்டால் மாதக்கணக்கில் படுத்தும்.

எல்லாவற்றையும்விட என்னைச் சங்கடப்படுத்துவது கேலி. மெதுவாக ஓடுகிறவரைப் பார்த்து ‘இதுக்கு நடந்தே போகலாமே’ என்று சொல்பவர்கள், அந்த ஒரு சொல் எத்தனை பேரை வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறது என்று யோசிப்பதில்லை. பருமனான உடம்போடு முதல் நாள் தெருவில் இறங்கி ஓடுகிறவருக்குத் தேவைப்படும் துணிச்சல் பெரியது. பெண்களுக்கு இன்னும் கூடுதலான பாரம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்தார்கள் என்பதையே காரணமாகச் சொல்லி, 1960 வரை அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல்தான். களைப்பது ஓடுகிறவரின் உரிமை. அதைப் பார்த்து ‘உனக்கு எதற்கு இது’ என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

பந்தயம் நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2004-ல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேரோடு ஆரம்பித்த பார்க்ரன் என்ற வாராந்திர ஓட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு வாரமும் டெயில் வாக்கர் என்று ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருகிறார், அதனால் பங்கேற்பவர் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. எவ்வளவு எளிய ஏற்பாடு! ஆனால் நான் ஓடிய சில பந்தயங்களில், கட் ஆஃப் நேரம் (ஓடி முடிக்கக் கொடுக்கும் கெடு) முடிய இன்னும் நிறைய இருக்கும்போதே தண்ணீர் மேசைகளை மடக்குவதைப் பார்த்தேன். காலிக் கோப்பைகள் மட்டும் தரையில் கிடந்தன. பின்னால் வருகிறவர்கள்தான் அதிக நேரம் வெயிலில் இருக்கிறார்கள். அவர்களும் அதே பதிவுக் கட்டணம் கட்டியவர்கள். படிவத்தில் ஒரு கட் ஆஃப் நேரத்தைப் போட்டால் அதுவரை தண்ணீரும் முதலுதவியும் வழிகாட்ட ஆளும் இருக்கட்டும். மெடல் தீர்ந்துவிட்டது என்று யாரையும் அனுப்பாதீர்கள். தன்னார்வலர்கள் போதவில்லை என்றால், முன்னாலேயே முடித்துவிட்டு நிற்கும் எங்களிடம் கேளுங்கள். அரை மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டுக் கடைசித் தண்ணீர் மேசைக்கு வந்து நிற்க நான் தயார், என்னோடு வரவும் சிலர் இருக்கிறார்கள்.