மிஞ்சிய நேரத்தில் ஆலயப் பணி நடக்காது

"சேவை செய்ய விருப்பம்தான், நேரம்தான் இல்லை." ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்று கதைக்கிற நேரம் இதைக் கேட்காத பங்கு எங்கள் மாவட்டத்தில் இருக்காது. அந்த விருப்பம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் பிள்ளைக்குச் சனி காலை 8 மணிக்கு ரியூசன் என்றால் முழு வீடும் அதைச் சுற்றித்தான் அன்றைய நாளைப் போட்டுக்கொள்கிறது. ஆலயப் பணிக்கு மட்டும் "இந்தக் கிழமை பார்ப்போம்" என்கிறோம். அப்படி எடுத்த பணி ஒரு மாதம் தாண்டுவதே பெரிய விசயம். ஒரேயொரு பணியை எடுங்கள். அதற்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு வருடத் தவணை குறியுங்கள். கலண்டரில் அதை எழுதிய பிறகே மற்ற வேலைகளை எழுதுங்கள்.

ஒரு வருடம் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மட்டக்களப்பில் மெதடிஸ்த சபையின் பணியைத் தொடங்கிய ஆங்கிலேய மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் வந்தார், 1815இல் இறந்துவிட்டார். இங்குள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்வது அந்த 1814ஐத்தான்.

ஏற்கும்முன் கணக்கை நேர்மையாகப் பாருங்கள். மறைக்கல்வி வகுப்பு ஒரு மணி நேரம் என்பார்கள். ஆயத்தத்துக்கு இன்னொரு மணி, வராத பிள்ளையின் வீட்டை எட்டிப் பார்க்க அரை மணி. ஆகக் கிழமைக்கு இரண்டரை மணி நேரம். ஒரு மணி என்று நம்பி ஏற்றவர் ஆறாவது கிழமை ஆயத்தமில்லாமல் வந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லுவார். அடுத்த கிழமை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்காது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு, திருப்பலியில் வேதாகம வாசகம் வாசிக்கும் வாசகர் பணி நல்லது. வாசிப்பது இரண்டு மூன்று நிமிடம்தான், ஆனால் வெள்ளி இரவே எடுத்து மூன்று முறை சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும். முதல் முறை நெபுகத்நேசர், மெல்கிசேதேக்கு போன்ற பெயர்கள் நாக்கில் பழக. இரண்டாம் முறை எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போட. மூன்றாம் முறை, கடைசி வாங்கில் இருக்கும் காது மந்தமான ஆச்சிக்கும் விளங்குகிற வேகம் பிடிக்க. ஒலிவாங்கி வாய்க்கு ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். அது கூவினால் வாசகரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பெரும்பாலும் ஸ்பீக்கர் பெட்டி ஒலிவாங்கியைப் பார்த்தபடி இருக்கும். பெட்டியை ஒலிவாங்கிக்கு முன்னே, சனத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தால் சரி.

நல்ல மனிதர் ஒருவர் அகப்பட்டால் பாடகர் குழாம், அன்பியம் (அயல் வீட்டார் கூடும் சிறு செபக் குழு), திருவிழாக் குழு என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது எங்கள் பழைய வழக்கம். இரண்டு வருடத்தில் அவர் களைத்து, கோயில் வாசலுக்கே வராமல் போகிறார். நாளைப் பார்க்காமல் வேலை கொடுப்பதும் இதே வகைத் தவறுதான். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வேளாண்மை வெட்டு. தவக்காலமும் அந்த நாட்களில்தான் வரும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலில் நிற்கிறவரிடம் வெள்ளி மாலைச் சிலுவைப்பாதை ஒழுங்கைக் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று கோபிப்பது நியாயமில்லை. அவருக்கு மே மாத வேலையைக் கொடுங்கள். எந்தப் பணிக்கும் இரண்டு பெயர் இருக்கட்டும். இரண்டாமவர் மாதத்தில் ஒரு முறையாவது தானே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் கை நடுங்கும்.

மழைக்கால வெள்ள உதவிப் பணிக்கு நவம்பரில் ஓடத் தொடங்கினால் பிந்திவிடும். செப்டெம்பரிலேயே வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எழுத வேண்டும்: தனியே இருக்கும் முதியவர் யார், யாருக்கு என்ன மருந்து, யாரைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும், யாரிடம் தோணி அல்லது உழவு இயந்திரம் இருக்கிறது. மண்டபத்தில் சமைக்க வந்தால், ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்று வையுங்கள். 100 பேருக்குப் பன்னிரண்டரை கிலோ, பருப்பு மூன்று கிலோ. பார்சல் கட்டுவதென்றால் தேங்காய்ப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும். கொதிக்கக் கொதிக்கச் சோற்றை மூடிக் கட்டினால் வேர்த்துப் பழுதாகும். ஆவி அடங்கியதும் கட்டி, தாமதிக்காமல் கொடுத்து முடிக்க வேண்டும். வெள்ளத்தில் நிற்கிறவருக்கு வயிற்றோட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

வாசலில் நிற்பதைச் சின்ன வேலை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் வெளியே மறித்தவர் அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர். அவர் தன் உயிரையே கொடுத்தார். அன்று நாங்கள் இழந்த பிள்ளைகளின் முகம் மறக்கக்கூடியதா? வாசலில் நிற்கும் நாளில் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, வருகிறவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். ஊருக்குப் புதியவரை அன்போடு விசாரித்துக் கூட்டிக்கொண்டு போய் இருத்துங்கள்.

இரண்டு விசயத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். காணிக்கையை ஒரே வீட்டைச் சேராத இருவர் எண்ணி, எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். பிள்ளைகளோடு மூடிய அறையில் ஒரு பெரியவர் தனியே இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவரானாலும்.

வீட்டில் மனைவியோடோ கணவரோடோ பேசி முடிவெடுத்த பிறகு பங்குத்தந்தையிடம் போங்கள். "என்ன வேலை இருந்தாலும் சொல்லுங்கோ பாதர்" என்று மட்டும் சொல்ல வேண்டாம், அதை வைத்து அவரால் எதையும் ஒழுங்குபடுத்த முடியாது. "மாதத்தில் இரண்டாம், நாலாம் ஞாயிறு காலைத் திருப்பலி வாசகம் நான் பார்க்கிறன். அடுத்த வருடம் இதே மாதம் வரைக்கும். எனக்கு ஏலாத நாளில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வருவா, அவவிட்டயும் கேட்டுட்டன்" என்று சொல்லுங்கள். சொன்னதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.