யாரும் தடுக்கவில்லையாம்

அக்கா மகள் கல்யாணத்தைப் பற்றிப் போன வாரம் நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு விவரம் தெரியும். தாலித் தட்டு பெரியவர்களின் ஆசிக்காக வரிசையாக வந்தது. கணவனை இழந்த அக்காவின் முன்னாலும் வந்தது. அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த சித்தியைக் காட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு எனக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: "யாரும் தடுக்கவில்லையே? தட்டை நீட்டினார்களே? அவராகத்தானே தொடவில்லை? அது அவருடைய சுதந்திரம்."

சுதந்திரமாம். எங்கள் குடும்பத்தில் இந்தச் சொல்லை இதற்கு முன் யார் வாயிலும் நான் கேட்டதில்லை. அக்கா மேற்படிப்புக்குக் கோயம்புத்தூர் போக ஆசைப்பட்டபோது இது யாருக்கும் நினைவு வரவில்லை. நான் எனக்குப் பிடித்த வேலைக்கு மாறியபோதும் வரவில்லை. அக்கா கையை இழுத்துக்கொண்டதும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்துவிட்டது.

யாரும் தடுக்கவில்லை என்பதை நான் மறுக்கவே இல்லை. தடுக்க வேண்டிய தேவை இல்லாதபடி அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது என்றுதான் சொல்கிறேன். அத்தான் 2021இல் கொரோனாவில் போனார். அதற்குப் பிறகு வந்த முதல் புதுமனை புகுவிழாவில் பால் காய்ச்சும் நேரம் பார்த்து, "பந்தியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளம்மா, உன்னைப் போல் யாருக்கு வரும்" என்று அக்காவை மாடிக்கு அனுப்பினார்கள். ஒரு வளைகாப்பில் குங்குமச் சிமிழோடு வந்த பெண் அக்காவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள், சிரித்தாள், அடுத்தவரிடம் போய்விட்டாள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எல்லாம் அன்பாக, சிரித்த முகத்தோடு. இப்படி ஒருத்தியை விசேஷத்துக்கு விசேஷம் பழக்கிவிட்டு, கடைசியில் அவள் மகள் கல்யாணத்தில் தட்டை நீட்டி, "பார்த்தாயா, நாங்கள் தடுக்கவில்லை" என்று சாட்சிக்கு ஆள் சேர்க்கிறீர்கள்.

கைம்பெண்ணான எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனோ நானோ பரீட்சைக்குக் கிளம்பும் காலை நேரத்தில் ஆச்சி தொழுவத்துக்குப் போய்விடுவாள். தெருமுனை தாண்டும் வரை வெளியே தலை தெரியாது. ஏன் ஆச்சி ஒளிந்துகொள்கிறாய் என்று கேட்டால், "நான் எங்கே ஒளிந்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாமா" என்பாள். மாட்டுக்குச் சரியாகப் பரீட்சை நேரத்தில்தான் தாகம் எடுக்கும்! அம்மா ஒருநாளும் மாமியாரை எதிரே வராதே என்று சொன்னதில்லை. ஆனால் வந்து நின்று அனுப்புங்கள் என்றும் சொன்னதில்லை. அண்ணன் கணக்கில் தோற்ற வருடமும் ஆச்சி தொழுவத்தில்தான் இருந்தாள் என்பதை இந்த இடத்தில் பதிவுசெய்ய விரும்புகிறேன். கல்யாணத்தன்று இரவு ஏன் தொடவில்லை என்று கேட்டதற்கு, "கையெல்லாம் சந்தனமாக இருந்தது" என்றாள் அக்கா. எனக்கு ஆச்சியின் மாடுதான் நினைவுக்கு வந்தது.

அக்கா படித்தவள், ஆசிரியை, அவளை யார் என்ன செய்ய முடியும் என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்கட்டும். அவருக்குப் புறநானூற்றின் 246ஆம் பாடலைத்தான் காட்டுவேன். பாண்டிய மன்னன் பூதப்பாண்டியன் இறந்த பிறகு அவன் தேவி தீயில் பாயப் போகிறாள். அவளை யாரும் தள்ளவில்லை. சான்றோர்கள் கூடித் தடுக்கிறார்கள். தடுத்தவர்களைத்தான் அவள் ஏசுகிறாள். போகாவிட்டால் தனக்கு என்ன காத்திருக்கிறது என்றும் சொல்கிறாள். நெய் இல்லாத, நீரில் கிடந்து பிழிந்தெடுத்த சோறு, எள் துவையல், வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பரற்கல் மேல் படுக்கை. இப்படி வாழ்வதைவிடத் தீயே மேல், தாமரைக் குளமும் தீயும் தனக்கு ஒன்றுதான் என்கிறாள். அவள் முடிவை அவளேதான் எடுத்தாள், சந்தேகமே இல்லை. அந்தப் பரற்கற்களைப் பரப்பியது யார் என்று மட்டும் அங்கே கூடியிருந்த சான்றோரில் ஒருவரும் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

காலம் மாறிவிட்டது என்பவர்களுக்கு: மாறித்தான் இருக்கிறது. வங்காளத்தின் ஈசுவர சந்திர வித்யாசாகர் போராடிக் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது 1856இல். 2023இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பெண், கைம்பெண் என்பதற்காகக் கோயிலுக்குள் வரக்கூடாது என்றவர்களை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவரை யாரும் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய வருடம் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம், வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது போன்ற சடங்குகள் இனி வேண்டாம் என்று ஊராட்சியில் தீர்மானமே போட்டது. நல்ல தீர்மானம், மனதார வணங்குகிறேன். வளையலை உடைக்க வரும் கையைத் தீர்மானம் தடுக்கும். தானாகப் பின்னால் போகும் கைக்கு எந்த ஊராட்சியில் தீர்மானம் போடுவது?

அதற்கு வேறு மாதிரி ஆள் வேண்டும். சகோதரி சுப்புலட்சுமி இருந்தார். குழந்தையிலேயே கணவனை இழந்தவர், 1911இல் சென்னையில் பட்டம் பெற்றார், அடுத்த வருடமே தன்னைப் போன்ற சிறுமிகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், விருப்பம் இருந்தால் வாருங்கள், வராவிட்டால் அது உங்கள் சுதந்திரம் என்று அவர் சொல்லவில்லை. கணவனை இழந்த தன் சித்தியையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருந்தார்.

"கட்டாயப்படுத்தித் தொட வைத்தால் அதுவும் அடக்குமுறைதானே?" வந்த கேள்விகளில் உருப்படியானது இது ஒன்றுதான். ஆமாம், நியாயம். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தட்டில் வைத்திருந்தால் மண்டபமே பார்த்திருக்கும், அவள் கூசிப்போயிருப்பாள். ஆனால் கேட்டவர் யார் என்று பாருங்கள். எங்கள் மாமா. மனைவியை இழந்தவர். அன்று அந்தத் தட்டை முதலில் தொட்டவரே அவர்தான்! இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கை ஏன் பின்னால் போகவில்லை? அக்காவுக்கு இருந்த அதே சுதந்திரம் அவருக்கும் இருந்ததே? அவர் தொட்டதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. அத்தை இறந்த பிறகு ஒரு விசேஷத்திலாவது அவரைப் பந்தி பார்க்க அனுப்பியிருக்கிறோமா? இதற்கு ஒருவர் பதில் சொல்லட்டும், நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

நம்பிக்கையில் தலையிடாதே என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அந்த நம்பிக்கையோடுதான் அவளிடம் பணமும் வாங்கினீர்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியது யார்? சேமநிதியில் கடன் எடுத்தது யார்? கூறைப்புடவைக்குக் காஞ்சிபுரம் வரை அலைந்தது யார்? அந்தக் கையில் அப்போது ஒரு குறையும் இல்லை. மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தது மட்டும் சித்தப்பாவும் சித்தியும். புகைப்படத் தொகுப்பில் பெண்ணைப் பெற்றவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்த ஒரு படத்திலும் தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று சித்தப்பா அழைத்தார். "நீ எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையம்மா. குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. நீயே யோசித்து அதை எடுத்துவிடு" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை, அவ்வளவு கனிவு. அக்காவிடம் இத்தனை வருடமாக எப்படிப் பேசியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. எடுக்க மாட்டேன் சித்தப்பா. இதையும் படிப்பீர்கள் என்று தெரியும்.

ஆடிப் பதினெட்டுக்குத் தாலி பிரித்துக் கோர்க்க வேண்டும். அம்மா கையால்தான் கோர்த்துக்கொள்வேன் என்று மகள் உறுதியாக இருக்கிறாள். அக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை, அன்று பள்ளியில் வேலை இருக்கும் என்கிறாள். விடுப்பு எழுதிக் கொடு, நான் முதல் நாளே வந்து உன் கூடவே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விஷயம் கேள்விப்பட்ட சித்திகள் இருவர் தங்களுக்கு அன்று வர வசதிப்படாது என்று இப்போதே தெரிவித்துவிட்டார்கள். வர வேண்டாம். அவர்களையும் யாரும் தடுக்கவில்லை.