யாருக்கு என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

அந்த விவகாரம் இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத மாட்டேன், தருமபுரி மாவட்டம் என்பது போதும். கபடியில் முட்டி சிராய்த்து ரத்தம் வந்த ஏழாம் வகுப்புப் பையன். கையுறை இல்லாமல் திகைத்து நின்ற பி.டி. சார். அன்று ராத்திரியே பெற்றோர் குரூப்பில், "அவனுக்கு எச்.ஐ.வி. இருக்காமே, முன்னாடியே ஏன் சொல்லலை?" மறுவாரம் அவன் சத்துணவுத் தட்டின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி. அப்புறம் பாட்டியைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிட்டா பையனுக்குத்தாங்கம்மா நல்லது." கூடவே பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம்: வரும் வருஷத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கொண்டுவர வேண்டும்.

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு மனிதச் சங்கிலி நின்றவர்களும் இவர்களேதான். போட்டோ நன்றாக வந்திருந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. யாருக்கு என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

ரத்தம் வந்தால் செய்ய வேண்டியது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். கையுறை போடு. காயத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்துக் கழுவு, துணியால் அழுத்திக் கட்டு. காயத்தில் பிளீச்சிங் பவுடர் வைக்காதே, அது தரைக்கு. தரையில் சிந்தியதன் மேல் பழைய துணியைப் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்று. பத்து நிமிஷம் விட்டுத் துடை. கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றையதில் வேகம் இருக்காது. பவுடர் டப்பா திறந்தே கிடந்தாலும் அதே கதைதான். நிறையப் பள்ளிகளில் முதலுதவிப் பெட்டி தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள், சாவி எங்கேயோ. கையுறை ஒரு ஜோடி இருக்கும், அதுவும் வெயிலில் பிசுபிசுத்துக் கிழிந்திருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றித் தீர்மானம் போட்டிருந்தால் கைதட்டியிருப்பேன்.

"என் பிள்ளையின் பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" முக்கியம். அதனால்தான் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரை போகும். காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை அந்தக் கிருமி உயிரோடு இருக்கும். அது யாருக்கு இருக்கிறது என்று உங்கள் குரூப்பில் ஒருவராவது கேட்டீர்களா? ஒரு பையனுக்கு மட்டும் புள்ளி வைத்துவிட்டு, மற்றவர்களின் ரத்தத்தை வெறுங்கையால் துடைப்பதுதான் உங்கள் பாதுகாப்பு. சேர்ந்து சாப்பிட்டால், தொட்டால், இருமினால், கொசு கடித்தால், ஒரே கழிப்பறையில் போனால் எச்.ஐ.வி. வராது. இதைப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் படித்துப் பாஸானவர்கள்தானே நாம்?

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகள் பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து சாப்பிடுகிறார்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தினம் ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி பரிசோதனையில் பிடிபடாத அளவுக்கு இறங்கிவிடும். ஒழுங்காகச் சாப்பிட ஒளிக்காமல் சாப்பிட முடிய வேண்டும். விடுதியில் போய்ப் பாருங்கள். டப்பாவில் மேல் லேபிள் உரித்திருக்கும், குலுக்கினால் சத்தம் வராதிருக்க உள்ளே பஞ்சு திணித்திருக்கும். யாராவது பக்கத்தில் இருந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. அப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குக் கிருமி பழகிப்போகும், அடுத்த வரிசை மருந்துக்கு மாற்ற வேண்டிவரும். வார்டன் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வலிப்பு, ஆஸ்துமா, தைராய்டு என்று எல்லோருடைய மருந்தையும் ஒரே அலமாரியில், பெயர் எழுதிய பையில் வைத்து, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கொடுப்பது. யாருக்கு எதற்கு என்று அங்கேயும் தெரிய வேண்டாம்.

பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த கூட்டு மருந்தோடு அதை வெறும் வயிற்றில் போட்டால், அந்த மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். இல்லையென்றால் கூட்டு மருந்து இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது ஆறு மணி நேரம் கழித்து. "எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க" என்று டீச்சர் சொன்னால் போதும். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் எல்லாப் பெற்றோருக்கும் குரூப்பில் ஒரு வரி போடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையின் வீட்டார் டாக்டரைப் பார்த்துக்கொள்வார்கள். குரூப் இதற்குத்தானே இருக்கிறது?

லீவ் லெட்டரில் "மருத்துவமனைக்குச் சென்றேன்" என்பதோடு நிறுத்துங்கள். அஞ்செட்டி போன்ற ஊரிலிருந்து, கிருஷ்ணகிரியில் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் வர ஒரு நாள் போய்விடும். எந்த வார்டு, எந்தச் சீட்டு என்று குடையாதீர்கள், சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டச் சொல்லாதீர்கள்.

"அவசரத்துக்கு ஒரு டீச்சருக்காவது தெரிய வேண்டாமா?" பாட்டி விரும்பினால், அவர் நம்புகிற ஒரே ஒருவரிடம், அவர் சம்மதத்தோடு சொல்லட்டும். அதற்கு மேல் இந்தக் கேள்விக்கு மரியாதை கிடையாது.

"உன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பாயா?" ஐயா, உங்கள் பிள்ளை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. யார் பக்கத்தில் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன், இங்கே சட்டம் சொன்னால்தான் காது கேட்கிறது. 2017-ல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டத்தின் 3-வது பிரிவு, படிப்புக்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதையும், தனியாக ஒதுக்குவதையும், படிப்பை மறுப்பதையும் தடை செய்கிறது. தட்டுப் புள்ளியும் அதில்தான் வரும், உங்கள் தீர்மானமும் அதில்தான் வரும். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. "டி.சி. வாங்கிக்குங்க" என்று மெதுவாகச் சொன்னாலும் அது வெளியேற்றம்தான்.

கோபத்தில் எழுதுகிறேன் என்கிறீர்கள். ஆமாம். எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டில் உடனே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. "ரத்தத்தில் ஒரு கிருமி தூங்குது, மாத்திரை போட்டா எழாது" என்று ஆரம்பித்து, பத்து பன்னிரண்டு வயதுக்குள் நம்பிக்கை மையம் என்கிற எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்து ஆற்றுப்படுத்துநர் உதவியோடு படிப்படியாகச் சொல்வார்கள். இவனுக்கு எவ்வளவு சொல்லியிருந்தார்களோ. மிச்சத்தை உங்கள் குரூப் சொல்லிவிட்டது, ஸ்மைலியோடு.

பள்ளி மேலாண்மைக் குழு அடுத்து கூடும்போது அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து மினிட்ஸில் எழுதுங்கள். தட்டுகளை எல்லாம் மாற்றுங்கள், அவனுடையதை மட்டும் அல்ல. சந்தேகம் இருப்பவர்கள் 1097-க்குப் பேசலாம், கட்டணம் கிடையாது. பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் 1098. இன்பாக்ஸில் வந்து "யாருங்க அந்தப் பையன், எந்த ஊரு" என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. கமெண்டில் ஊரோ பெயரோ எழுதினால் நீக்கிவிட்டு பிளாக் செய்வேன், சொந்தக்காரராக இருந்தாலும்.