ஐன்ஸ்டீனை இழுக்காதீர்கள்

"ஐன்ஸ்டீன்கூடத் தாமதமாகத்தான் பேசினாராம்." உல்ம் நகரில் பிறந்த அந்த மனிதரை ஜெர்மன் பாட்டிமார்கள் இயற்பியலுக்காக நினைத்ததைவிட இதற்காக நினைத்ததுதான் அதிகமாக இருக்கும்.

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் (இங்கே 'கிட்டா' என்பார்கள்) இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆன ஒரு பையன் இருக்கிறான். வீட்டில் ஜெர்மன் மட்டும்தான். மொத்தம் இருபது சொல் தேறும். அதில் பாதி வேலையை 'அவுஃப்' ஒன்றே பார்த்துக்கொள்கிறது. டப்பாவைத் திறக்க வேண்டுமா, அவுஃப். கதவுக்கும் அவுஃப். தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கை நீட்டினாலும் அவுஃப்தான்.

அவன் அந்தச் சொல்லைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 'டப்பாவைத் திறக்கிறேன்' என்பதற்கு ஜெர்மனில் 'இஷ் மாஹெ டீ டோஸெ அவுஃப்'. வினை இரண்டாக உடைந்து, ஒரு துண்டு வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் உட்காரும். மற்றது கடைசியில் அழுத்தத்தோடு வந்து விழும். பிள்ளையின் காதில் தங்குவது அந்தக் கடைசித் துண்டு.

அடுத்து வருவது 'மாமா புஹ் லேஸன்'. அதாவது 'அம்மா புத்தகம் படிக்க'. வினை கடைசியில் நிற்பதால் நமக்குச் சொந்த ஊர் போல இருக்கும். ஆனால் ஜெர்மன் பிள்ளை அங்கேயே தங்க முடியாது. வினையின் வடிவத்தை மாற்றி, வாக்கியத்தின் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதை ஒட்டி இதைச் செய்துவிடுகிறார்கள். தாமதமாகப் பேசத் தொடங்கியவர்களில் சிலர் அந்த 'படிக்க'விலேயே வெகுநாள் நின்றுவிடுகிறார்கள். அதனால் இரண்டரை வயதுக்கு மேல் நான் சொற்களை எண்ணுவதைக் குறைத்துக்கொண்டு, வினை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. 24 மாதத்தில் 50 சொற்களுக்குக் குறைவு, அல்லது இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் கவனிக்க வேண்டும் என்பதுதான் இங்கே வழக்கமான அளவுகோல். அப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மூன்று வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். பாட்டிகளின் நம்பிக்கைக்கு ஆதாரம் அந்த ஒரு பங்கு. மற்ற இரண்டு பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் கோபம் பாட்டிகள்மேல் இல்லை. 21 முதல் 24 மாதத்துக்குள் குழந்தை மருத்துவர் செய்யும் 'உ7' பரிசோதனையில் இந்தப் பையனின் அம்மாவுக்குக் கிடைத்த பதில், "வளர வளரச் சரியாகிவிடும்." மஞ்சள் நிறப் பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்தும் விழுந்துவிட்டது. அடுத்த பரிசோதனை 34ஆம் மாதத்தில்தான். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து மாதம் என்பது சும்மா இருந்து கழிக்கிற காலமா? குறைந்தபட்சம் காதையாவது சோதித்திருக்கலாம். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்பது இந்த வயதில் சாதாரணம். சொன்னதைப் புரிந்துகொள்கிறானா என்றும் கேட்டிருக்கலாம். பேச்சும் குறைவு, புரிதலும் குறைவு என்றால் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு பக்கம், பதறிப்போன பெற்றோர் "சொல்லு, பந்து சொல்லு" என்று பிள்ளையை நாள் முழுக்கத் தேர்வு எழுத வைக்கிறார்கள். ஹைடல்பெர்க் பெற்றோர் பயிற்சி என்று ஒன்று இங்கே இருக்கிறது. படப் புத்தகத்தை விரித்து வைத்து, பிள்ளை பார்க்கும் இடத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கக் கற்றுத்தருகிறார்கள். அவன் 'அவுஃப்' என்றால் திருத்தக் கூடாது. "ஆமாம், டப்பாவைத் திறக்கிறேன்" என்று முழு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எளிதாகத் தெரியும். ஐந்து விநாடி சும்மா இருந்து பாருங்கள், பெரியவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று புரியும். நானே மூன்றாவது விநாடியில் வாயைத் திறந்துவிடுகிறேன்.

அடுத்த புதன்கிழமை அவனுக்குக் காது பரிசோதனை. பாட்டியும் கூடப் போகிறாராம். காத்திருப்பு அறையில் ஐன்ஸ்டீன் மறுபடி வருவார்.