ஜோ காடாவின் 85 லட்சம் டொலர் பற்றி ஒரு திருத்தம்

மேலே ஒரு தம்பி எழுதியிருப்பது இது: அமெரிக்கப் பையன் ஜோ காடா 2009இல், 21 வயதில், போக்கர் என்ற சீட்டாட்டத்தின் உலகத் தொடரில் பிரதான போட்டியை வென்று 85 லட்சம் டொலரைக் கையில் வாங்கினார், ஹட்டன், தலவாக்கலைப் பிள்ளைகளும் இப்படி முயலலாம்.

வயதும் பரிசுத்தொகையும் சரி. இன்றுவரை அந்தப் பட்டத்தை வென்றவர்களில் ஆக இளையவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் முழுப்பணமும் அவர் கைக்குப் போகவில்லை. நுழைவுக் கட்டணம் 10,000 டொலர். அதைப் போட்டவர்கள் இரண்டு முதலீட்டாளர்கள். முன்னரே பேசியபடி வெற்றியில் பாதி அவர்களுக்கு. மிச்சத்திலும் வரி போகும்.

நம்ம லயத்துச் சீட்டு மாதிரித்தான். எடுத்த தொகை பெரிதாகத் தெரியும், கட்டிய தவணையை யாரும் சொல்வதில்லை. (ரெண்டுக்கும் பேர் சீட்டுதான் என்பது வேறு கதை!)

நீங்களே பார்க்கலாம். அவர் வென்ற நாட்களில் வந்த அமெரிக்கச் செய்திகளில் இந்தப் பாதிப் பங்கு விஷயம் இருக்கிறது. போக்கர் போட்டி முடிவுகளைத் தொகுக்கும் ஹென்டன் மொப் தளத்தில் எந்த வீரரின் பக்கத்தைத் திறந்தாலும், வாங்கிய பரிசுகளின் கூட்டுத்தொகைதான் இருக்கும். கட்டிய கட்டணம் கழிக்கப்பட்டிருக்காது. 2009 முடிவுப் பட்டியலையும் பாருங்கள்: ஆடியவர்கள் 6,494 பேர், பரிசு கிடைத்தது 648 பேருக்கு.

தம்பி, அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.