ஸ்பீக்கரை அப்புறம் மாற்றலாம், முதலில் பாட்டை மாற்றுங்கள்

லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குப் போய் பெட்ரோல் போடுகிற கடலூர்க்காரர்கள் நாம். அதே ஆள் கார் வாங்கினதும் ஆக்சஸரீஸ் கடைக்குள் நுழைந்தால் ஸ்பீக்கர், ஆம்ப், சப்ஊஃபர் என்று ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு வருகிறார். சரி, ஆசைதான். ஆனால் அந்த செட்டில் ஓடுகிற பாட்டைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது.

பெரும்பாலும் எங்கிருந்தோ உருவி, இரண்டு மூன்று தடவை எம்பி3 ஆக மாற்றி, கை மாறி வந்த கோப்புகள். ஜாலரா, ஹை-ஹாட் வரும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். 'கிண்' என்று விழ வேண்டியது, குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி 'ஷ்ஷ்' என்று இழுக்கும். நல்ல ஸ்பீக்கர் போட்டால் அந்த இழுவை இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் தகவல் என்ற கணக்கு) பாட்டை 320 ஆக மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். கோப்பு பெரிதாகும், எம்பி3 ஆக்கும்போது ஒருமுறை வெட்டிப்போட்ட ஓசை திரும்பாது.

அதற்காக எல்லாவற்றையும் ஃபிளாக்கில் (ஓசை எதையும் வெட்டாமல் சுருக்குகிற கோப்பு வகை) தேடி அலையவும் வேண்டாம். புதுச்சேரி சாலையில் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று ஏசி போட்டுக்கொண்டு ஓடுகிற காரில் டயர் சத்தமே மெல்லிய ஓசையை விழுங்கிவிடுகிறது. ஒழுங்காக எடுத்த 320 எம்பி3க்கும் ஃபிளாக்குக்கும் அங்கே வித்தியாசம் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. 320ல் ஒரு மணி நேரப் பாட்டு சுமார் 144 எம்பி. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும்.

புளூடூத் மோசம் என்பதும் பாதி கட்டுக்கதை. போனில் சத்தத்தைப் பாதியில் வைத்துவிட்டு காரில் முழுசாகத் திருகினால் இரைச்சல் வரத்தான் செய்யும். போனில் ஏறக்குறைய முழுதும் வைத்து, குறைப்பதையும் கூட்டுவதையும் கார் பட்டனில் செய்யுங்கள். ஆனாலும் என் ஓட்டு பென்டிரைவுக்குத்தான். வீட்டில் இரண்டு போன் இருந்தால் எது முதலில் இணைவது என்று சண்டை, சரணம் உச்சத்துக்குப் போகும்போது ஒரு லோன் கம்பெனி அழைப்பு, இதெல்லாம் அதில் கிடையாது.

லைட்டர் துளையில் செருகி, போன் பாட்டைக் கார் ரேடியோவுக்கு அனுப்புகிற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பற்றிக் கேட்காதீர்கள். காலியாக ஒரு அலைவரிசை பிடித்து வைத்தால், ஊர் நெருங்க நெருங்க வானொலி நிலையம் வந்து ஏறிக்கொள்ளும். போதாததற்கு எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சு ஓசை எதுவும் வராது. பழைய செட்டில் ஆக்ஸ் ஓட்டை (போன் போன்ற வெளிக்கருவியை ஒயரில் இணைக்கும் துளை) இருந்தால் ஒரு ஒயர் போதும். போனை அதே காரில் சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்டால் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறுகிற 'ஙொய்' சத்தம் வரலாம். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும்.

பென்டிரைவ் வாங்கினதும் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறை பல செட்டுகளுக்குப் புரியாது. தமிழில் பெயர் வைத்த பாட்டு சில திரைகளில் வெறும் கட்டமாகத் தெரியும். தமிழ்நாட்டில் விற்கிற செட்டில் தமிழ் எழுத்துரு வைக்க என்ன கேடு என்று கம்பெனிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் சத்தம் சப்பென்று இருந்தால் முன்கதவு ஸ்பீக்கர் இரண்டை மட்டும் மாற்றுங்கள். பின்சீட்டில் இருப்பவர்கள் எப்படியும் தவளக்குப்பம் வருவதற்குள் தூங்கிவிடுகிறார்கள்.